ஹர்த்தாலுக்குக் காத்திருந்தவள்

பஸ், கடை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிக் கட்சிகள் ஹர்த்தால் அறிவித்தால் திருவனந்தபுரத்தில் எல்லாருக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம். முந்தின நாள் சாயங்காலமே கோழிக்கடையில் கூட்டம் நிற்கும், சி.டி. வாடகைக்குக் கொடுக்கிற கடையில் நல்ல படமெல்லாம் தீர்ந்துபோகும். எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் கோழி கிடையாது. மோர்க்குழம்பும் அப்பளமுமாகச் சாப்பிட்டுவிட்டு நீளமாக ஒரு மத்தியானத் தூக்கம் போடத் தயாராவார்கள். நான் மட்டும் விடிகாலையில் எழுந்து, தயிர்சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன். மாதக்கணக்கில் மாரடித்தும் நடக்காத காரியம் எனக்கு ஹர்த்தால் அன்று நடந்துவிடும்.

"கட்சிக்காராளுக்குக்கூட இத்தனை ஆர்வம் இருக்காது," என்பார் என் கணவர். ஆறு மணிக்குள் என்னை ஸ்கூட்டரில் கொண்டுவிட்டுத் திரும்ப வேண்டிய எரிச்சல் அவருக்கு. "பேசாம நோக்கு ஒரு மெம்பர்ஷிப் வாங்கித் தந்துடட்டுமா?"

"வாயை மூடிண்டு வண்டியை ஓட்டுங்கோ. ஆறடிச்சா கல்லெறிய ஆரம்பிச்சுடுவா."

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. நகரத்துக்கு வடக்கே, கழக்கூட்டம் போகிற வழியில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். அதில் நான் ஆராய்ச்சி மாணவி. மாணவி என்று சொல்லவே வெட்கமாக இருக்கும், நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம், பிரசவம், மாமியாரின் பக்கவாதம் எல்லாம் தாண்டித் திரும்பி வந்தவள். கூடப் படித்தவர்கள் புரொபசர் ஆகியிருந்தார்கள். நான் மறுபடியும் பஸ் பாஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

செய்த வேலையைச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். கட்டைவிரல் நகத்தில் பாதி இருக்கும் ஒரு சிலிக்கான் சில்லு. அதைக் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஓர் எஃகுப் பானைக்குள் வைத்து, அதன் மேல் ஹைட்ரஜனை ஓர் அணு கனத்துக்கு மூடிவிட வேண்டும். பிறகு ஓர் ஊசி. அதன் முனையில் ஒரே ஓர் அணுதான் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊசி சில்லைத் தொடாது, தொடப்போகிற தூரத்தில் நிற்கும். இடைவெளியில் துளி மின்சாரம் தாவும். அந்தத் துளியை அளந்து அளந்து திரையில் படமாக்கினால், அணுக்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரியும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஊசிக்கு நேர்கீழே இருக்கிற ஹைட்ரஜன் அணு மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். அப்படியே ஊசியை நகர்த்தினால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் பின்னால் பாஸ்பரஸ் அணுக்களை உட்கார வைத்து, ஒவ்வோர் அணுவையும் கணக்குப் போட வைத்தால் அது குவாண்டம் கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டரை நாங்கள் கட்டப்போவதில்லை. அப்போது உலகத்தில் யாரும் இப்படி அணு அணுவாக அதைக் கட்டியிருக்கவில்லை. வீடு கட்டுகிறவர்கள் முதலில் நூல் பிடிப்பார்கள் அல்லவா, அந்த நூல் பிடிக்கிற வேலைதான் எங்களுடையது. நூலின் அகலம் நாலைந்து அணு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. செய்யும்போது உயிர் போகும். பானையைச் சுற்றி அலுமினியத் தாளைச் சுருட்டி, சூடேற்றும் நாடாக்களைக் கட்டி, நாள்கணக்கில் வேகவைத்தால்தான் உள்ளே ஒட்டியிருக்கிற ஈரமெல்லாம் போகும். திருவனந்தபுரத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? வெந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. டங்ஸ்டன் கம்பியைக் காரத் திரவத்தில் அரித்து ஊசி செய்வேன். பத்துக்கு ஒன்று தேறினால் அது கைராசி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள், அதற்குமேல் பெண்கள் இருக்கக் கூடாதென்று சட்டம். எப்போது பார்த்தாலும் பாதியில் விட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். வீட்டில் மாமியாருக்குக் கஞ்சி கரைக்க வேண்டும். அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்த அலுப்புதான்.

இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் என் ஆராய்ச்சி வழிகாட்டி. நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்காரர்களோடு நின்று பாடுகிறவர். வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தை மூடியபோது, கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பழைய இயந்திரத்தை வாங்கி வந்திருந்தார். அதற்காகவே கீழ்த்தளத்தில் ஓர் அறையின் தரையைத் தோண்டி, ஆள் ஆழத்துக்கு ஒரு கான்கிரீட் பாளம் போட்டார். கட்டடத்தின் எந்தச் சுவரையும் தொடாமல், சுற்றிலும் இடைவெளி விட்டுத் தனியாக நிற்கிற பாளம். கம்பி கட்ட வந்த மேஸ்திரி, "யானையைக் கொண்டுவந்து கட்டப்போறியளா சாரே?" என்று கேட்டாராம். அந்தப் பாளத்தின் மேல் எஃகுப் பானை, பானைக்குள் ஸ்பிரிங்குகளில் தொங்குகிற ஊசி. பூமியே ஆடினாலும் ஊசி ஆடக் கூடாது என்பது ஏற்பாடு.

ஆடியது. கோடு நேராகத் தொடங்கும், கொஞ்ச தூரம் போனதும் கிழவர் கையெழுத்து மாதிரி நெளியும். நடுவில் எப்போதாவது அரைமணி நேரம் அடங்கும், திரும்ப ஆரம்பிக்கும்.

"ரோடுதான் மக்களே," என்பார் வழிகாட்டி. அவருக்குப் பிரியமானவர்கள் எல்லாரும் மக்களேதான். "டிரான்ஸ்போர்ட் பஸ் போகும்போ ஜன்னல் கண்ணாடி கிடந்து அடிக்குது, பாத்தியா? அந்த நடுக்கமாக்கும் உள்ள வருது."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா சார்?"

"சாரமில்ல, கவலப்படாத. வழி பொறக்கும்."

வழி ஹர்த்தாலாகப் பிறந்தது. ஒரு ஹர்த்தால் நாளில் பிடிவாதமாக வந்து இயந்திரத்தைப் போட்டேன். சாலையில் ஈ காக்காய் இல்லை. திரையில் அணுக்கள் பல்வரிசை மாதிரி பளிச்சென்று நின்றன. கோடு போட்டேன், நேராக வந்தது. மறுநாள் பஸ் ஓடியது, கோடு நெளிந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஞாயிற்றுக்கிழமையும் சாலை அடங்கியிருக்கும், படம் நன்றாக வரும். ஆனால் ஹர்த்தால் மாதிரி அது வேலைநாள் கணக்கில் வராது, கட்டடத்தைத் திறக்க நாலு கையெழுத்து வாங்க வேண்டும். வாங்குவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். வாழ்நாள் முழுவதும் யூனியன்காரர்களைத் திட்டியே வந்த வழிகாட்டி, காலையில் வந்ததும் பேப்பரைப் பிரித்து, "என்ன மக்களே, இந்த மாசம் ஒருத்தனுக்கும் ரோஷமே வரல்லியே?" என்று கவலைப்பட ஆரம்பித்தார்.

எங்கள் அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீன். நடத்தியவர் வள்ளியூர்க்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. அவருக்குப் படித்த பெண்களெல்லாம் டீச்சர். ஆய்வுக்கூடத்துக்கும் பக்கத்து ஆபீஸ்களுக்கும் சேர்த்து அவர்தான் சமைத்தார். அவருடைய தோசை இல்லாவிட்டால் நான் அந்த வருஷங்களைத் தாண்டியிருக்க மாட்டேன். முறுகலாக, ஓரத்தில் எண்ணெய் மின்ன, கூடவே ஒரு காரச் சட்னி. திங்கட்கிழமையும் ஹர்த்தாலுக்கு மறுநாளும் மட்டும் தோசை கிடையாது, உப்புமாதான். அதற்காக அவரோடு சண்டை பிடிப்பேன்.

"என்ன டீச்சர், மொகம் ஆறிப்போன தோச கணக்கா இருக்கு? இன்னைக்கும் கோடு வரலையோ?"

"எங்கே வரது? பஸ் விடமாட்டேங்கறானே."

"எளவெடுத்த பஸ்ஸு. இவ்வளவு படிச்சவுகளை இப்படிப் பாடாய்ப் படுத்துதானுவளே," என்று அண்ணாச்சி சாலையைப் பார்த்துத் திட்டுவார். பின்னால் கிரைண்டர் உருளும் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசுவார். எனக்கு அவர் கரிசனத்தில் மனசு கரையும், இன்னொரு தோசை சொல்லுவேன்.

பிறகு ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற தில்லி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. இத்தனை வருஷமாக இயந்திரத்திலிருந்து உருப்படியாக ஒன்றும் வரவில்லை, ஒரு குழு நேரில் வந்து பார்க்கும், கண்முன்னே வேலை செய்து காட்டாவிட்டால் இயந்திரம் வடக்கே வேறோர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். இயந்திரம் போனால் நான் போனேன். அதன் பின்னால் நான் போக முடியாது. கணவருக்கு இங்கே வேலை, மாமியார் படுக்கையில், பையன் பத்தாம் வகுப்பு. பாதி எழுதிய ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதைக் கணவரிடம் சொன்னேன். அவர் கிண்டல் எதுவும் பண்ணவில்லை. "ஹர்த்தாலுக்கு நானே ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

ஹர்த்தால் அன்று குழு எப்படி வரும்? விமானநிலையத்திலிருந்து நடந்தா வருவார்கள்? அதனால் வழிகாட்டி ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கினார். தில்லிக்காரர்களுக்காக என்றதும் நாலு கையெழுத்தும் நாலு நிமிஷத்தில் விழுந்தது. முந்தின ஞாயிறு போட்டுப் பார்த்தேன், கோடு வாழைநார் மாதிரி நேராக வந்தது. அந்த வாரம் முழுக்கப் பத்மநாபசுவாமியை ஒரு பக்கமும் கரண்ட் ஆபீசை ஒரு பக்கமும் வேண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கைவிடவில்லை.

குழுவில் மூன்று பேர். மூத்தவர் வெள்ளைத் தலை, நல்ல மனுஷர், கதவருகில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் படத்தை வரவழைத்தேன். அணு வரிசைகள் வந்தன. மூன்று பேரும் திரையருகே குனிந்தார்கள். வழிகாட்டி என் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

கோட்டைத் தொடங்கினேன். நெளிந்தது.

இடத்தை மாற்றித் தொடங்கினேன். மறுபடி நெளிந்தது. உள்ளங்கை வேர்த்து மௌஸ் வழுக்கியது. வழிகாட்டி சாலை, பஸ், நடுக்கம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மூத்தவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். சாலையில் ஒரு நாய் படுத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. மூன்றாம் முறையும் நெளிந்தது.

அப்போது ஆபீஸ் சூப்பிரண்டு தட்டோடு வந்தார். உளுந்துவடை, சுடச்சுட, மேலே மிளகு தெரிய. "ஸார்மாருக்கு வேண்டி ஞாயிற்றுக்கிழமைன்னும் பாக்காம கேன்டீனைத் தொறக்கச் சொல்லி, இப்பம் அரைச்சுச் சுட்டதாக்கும்," என்றார், முகமெல்லாம் பெருமையாக.

குழு சாப்பிட்டது. நானும் ஒரு வடையைக் கையில் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் கிடையாது. ஹர்த்தாலுக்கும் கிடையாது. அதனால்தானே மறுநாள் உப்புமா? நல்ல படம் கிடைத்த மறுநாளெல்லாம் நான் உப்புமா தின்றிருக்கிறேன். வடையைத் தட்டிலேயே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன்.

கேன்டீனில் அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க நின்றிருந்தார். கிரைண்டர் உருண்டுகொண்டிருந்தது. சுவரில் கையை வைத்தேன். தும், தும், தும். பஸ்ஸின் நடுக்கம் மாதிரி படபடவென்று இல்லை, மெதுவாக, ஒரே தாளத்தில்.

"டீச்சர், வடை எப்படி? வந்ததோட வந்ததா நாளைத் தோசைக்கும் போட்டுட்டேன். நாளைக்கு உப்புமா கெடையாது, சந்தோசந்தானே?"

"அண்ணாச்சி, அதை நிறுத்துங்கோ."

"மாவு பாதியில நிக்கே டீச்சர்—"

"நிறுத்துங்கோன்னா நிறுத்துங்கோ!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய் சுவிட்சை அணைத்தார். என் கையின் கீழ் சுவர் அடங்கியது.

நான் திரும்பி ஓடிவந்தபோது குழு எழுந்துவிட்டது. விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம். இன்னும் ஒரே ஒரு தடவை, இப்போது வரும், காரணம் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். மூச்சு வாங்கியதில் எனக்கே அது பைத்தியக்காரி பேச்சு மாதிரித்தான் கேட்டது. மூத்தவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே, பார்த்தவரை போதுமம்மா என்று தணிவாகச் சொன்னார். வடை பிரமாதம் என்றும் சொன்னார். வழிகாட்டி அவர்களைக் காரில் ஏற்றிவிடப் போனார்.

நான் தனியாக உட்கார்ந்து கோட்டைப் போட்டேன். நேராக வந்தது. பக்கத்தில் இன்னொன்று போட்டேன், அதுவும் வந்தது. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த அணுக்களை எண்ண முடிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல வேலையை நான் செய்ததில்லை. பார்க்க ஒருத்தரும் இல்லை என்று வாய்விட்டு அழுதேன்.

வழிகாட்டி திரும்பி வந்து திரையைப் பார்த்தார். நான் சொன்னேன். அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஸ்பிரிங்கில் தொங்குகிற எதுவும் ஊஞ்சல் மாதிரி. படபடவென்று தள்ளினால் ஊஞ்சல் அசையாது, அதன் தாளம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் ஆடும். பஸ் நடுக்கம் வேகமானது, ஸ்பிரிங் அதைத் தடுத்துவிட்டது. மண் வழியாகப் பாளத்துக்கு வந்த கிரைண்டரின் தாளமும் ஸ்பிரிங்கின் தாளமும் ஒன்று. கல் உருள உருள, ஊசி கூடவே ஆடியிருக்கிறது.

"அப்பம் பஸ்ஸு ஒண்ணும் செய்யல்ல?" என்றார்.

"ஒண்ணும் செய்யலை சார்."

"எத்தன ஹர்த்தாலுக்கு ஜெபம் பண்ணினேன் மக்களே," என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே ஆபீஸ் வழியாகத் தில்லிக்கு மனு எழுதினோம். நடுக்கத்துக்குக் காரணம் சாலை இல்லை, கேன்டீன் கிரைண்டர், அதை வேறு இடத்துக்கு மாற்றித் தாருங்கள், எங்களுக்கு இன்னொரு தேதி கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவரிடம் சொல்லாமல் கொடுக்க எனக்கு மனசில்லை.

"எங் கிரைண்டரா? பஸ்ஸுன்னுல்லா சொன்னிய!" என்றார். முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் விடியக்காலம் நாலு மணிக்கே வந்து அரைச்சிருதேன் டீச்சர். நீங்க மிசினைப் போக விட்டுராதிய," என்றார்.

சொன்னபடியே அரைத்தார். பகலெல்லாம் கோடு நேராக வந்தது. பஸ் ஓடியது, லாரி ஓடியது, கோடு நேராகத்தான் வந்தது. ஒரு மாதம் நான் ராணி மாதிரி வேலை செய்தேன். தில்லியிலிருந்து வந்த பதிலில் மனுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லாரியோடு ஆட்கள் வந்தார்கள். இயந்திரத்தை மரப்பெட்டிகளில் அடைத்து ஆணி அடித்தபோது வழிகாட்டி உள்ளே வரவில்லை. வராந்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கப் போனேன். அணு என்றால் என்ன என்று போர்டில் வட்டம் போட்டுக் காட்டுவேன். பின்பெஞ்சில் தூங்குவார்கள். எனக்கும் தூக்கம்தான் வரும்.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து அனுபவச் சான்றிதழ் வாங்க அங்கே போக வேண்டியிருந்தது. வாசலிலேயே அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"டீச்சர்! என்னா மெலிஞ்சிட்டிய! வாங்க வாங்க, ஒண்ணு காட்டணும்."

கேன்டீன் வழியாகக் கூட்டிப்போனார். பின்சுவரில் இப்போது ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே எங்கள் அறை. எங்கள் மனு செத்துப்போகவில்லை, மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படித்துவிட்டு, கிரைண்டரை நடுக்கம் இல்லாத இடத்துக்கு மாற்றுமாறு உத்தரவு போட்டிருக்கிறார். நடுக்கம் இல்லாத இடம் என்று அந்த வளாகத்தில் கட்டப்பட்டது ஒன்றுதானே? அது காலியாகவும் கிடந்தது.

வழிகாட்டி போட்ட பாளத்தின் நட்டநடுவில், பழசைவிட இரண்டு மடங்கு பெரிதாக, ஒரு புதுக் கிரைண்டர் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு, பாளத்தின் மேல் கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்தார். "பாருங்க டீச்சர், அலுங்குதா? ஒரு சொட்டு அலுங்குதா? சாரு போட்ட சிமெண்டுல்லா!"

நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். அலுங்கவில்லை.

தோசை போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டேன், காசு வாங்க மாட்டேனென்றுவிட்டார். வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் நாகர்கோவிலுக்கு வழிகாட்டியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன்.

"தண்ணி அலுங்கவே இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லை சார். நான் கையை வெச்சுப் பாத்தேன்."

"அப்பம் பவுண்டேஷன் நல்லாத்தான் போட்டிருக்கோம் மக்களே," என்றார்.